தீட்டு வீட்டுக்குக் கிடைத்த பத்திரம்

நான் குடியிருக்கிற வீடு என் பேரில் இருக்கிறது. பத்திரம் இரும்புப் பெட்டியில், என் மனைவியின் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடக்கிறது. தவணை எல்லாம் கட்டி முடித்து அது வந்த அன்றைக்குச் சாமி மாடத்தில் வைக்கலாம் என்று கொண்டுபோனேன். "அது அங்க வேணாம்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த சங்கதிதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வேர்க்கடலை மண்டியில் தராசு பிடித்தே காலம் போய்விட்டது. ஆனாலும் இந்த ஒன்றை எழுதி வைத்துவிட வேண்டும்.

அப்போது எங்கள் திருத்தணி ஆந்திராவோடு சேர்ந்திருந்தது. சர்க்கார் காகிதம் எல்லாம் தெலுங்கில் வரும். எங்களுக்குத் தெலுங்கு பேச வரும். அப்பாவை நைனா என்றும் மச்சானைப் பாவா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள். ஆனால் படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தது தமிழ் எழுத்து மட்டும்.

ஸ்டேஷனுக்கும் மலை அடிவாரத்துக்கும் நடுவில் பதினாறு வீடு ஒரே வரிசையாக இருந்தது. ஏழை ஜனங்களுக்கு என்று ஒரு சங்கம் சர்க்காரிடம் கடன் வாங்கிக் கட்டி, வாடகைக்கு விட்ட வீடுகள். அந்தச் சங்கத்தின் பேர் இங்கே வேண்டாம். அது இப்போது இல்லை. ஒரு ரூம், பின்னால் அடுப்படி, முன்னால் நாலு பேர் உட்காரும்படி ஒரு தாழ்வாரம், மேலே சீமை ஓடு. பதினாறு வீட்டுக்கும் ஒரே குழாய். படியோரம் தேங்காய் விற்கிறவர், முடி இறக்குகிறவர், மூட்டை தூக்குகிறவர், என்னைப் போல மண்டி ஆள் என்று மலையை நம்பிப் பிழைத்த குடும்பங்கள்தான் எல்லாம். குடியிருப்பவர் தாமே குடியிருக்க வேண்டும், உள்வாடகைக்கு விடக் கூடாது என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருக்கும். அதுவும் தெலுங்குதான். யார் படித்தார்கள்?

ஒரு வைகாசி மாதம் சங்கத்துக் காரியதரிசி வந்து குழாயடியில் நின்றார். நல்ல மனுஷன். மேலிருந்து உத்தரவு வந்திருக்கிறது என்றார்.

"இப்ப வாடகைன்னு குடுத்துகினு இருக்கறீங்க இல்ல? இனிமே அதையே தவணைன்னு வெச்சுக்கறோம். பத்து வருசம் ஒழுங்கா கட்டுங்க. அப்புறம் வூடு உங்களுது."

 தேங்காய்க் கடைக்காரர் கேட்டார், "அதுக்கப்புறம் ஓடு ஒழுகினா யாருங்க மாத்தித் தர்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். யார் வாசலுக்கும் போக மாட்டார், யாரையும் தன் வாசலுக்குச் சேர்க்க மாட்டார். தாகம் என்று கேட்டாலும் "குழாய் அங்க இருக்குது" என்று கையைக் காட்டுவார். "ஆங், குடுப்பாங்க குடுப்பாங்க. வூட்டைக் குடுத்துட்டு கதவைக் கழட்டிகினு போவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினோராவது வீட்டுப் பூக்கார அக்கா கூட்டம் கலைகிற வரைக்கும் நின்றாள். பிறகு காரியதரிசியின் முன்னால் போய்க் கேட்டாள்.

"என் பேர்ல எழுதுவாங்களா சாமி? ஆம்பள பேரு கேக்க மாட்டாங்களே?"

"ரசீது யார் பேர்ல இருக்குதோ அவங்க பேர்லதாம்மா."

"என் பேர்லதான் இருக்குது."

"அப்ப உன் பேர்லதான்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அக்கா முறை என்று சொன்னாலும் ரத்த சம்பந்தம் ஒன்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்து வீடு. என் வீட்டு முருகன் படத்துக்குத் தினம் ஒரு முழம் பூவைக் கதவிடுக்கில் செருகிவிட்டுத்தான் அடிவாரத்துக்குப் போவாள். அம்மையார்குப்பத்தில் தறிக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இன்னொருத்தியைக் கொண்டுவந்தபோது மாமியார், இடுப்புக் குழந்தையோடு இவளை வெளியே போ என்று சொல்லிவிட்டாள். அண்ணன் வீட்டுக்குப் போனாள், அண்ணி சொன்னாள். மலையடிவாரச் சத்திரத்துக்கு வந்தாள்; மூன்று நாள் கழித்து அங்கேயும் சொன்னார்கள். அது சத்திரத்து விதி, அவர்கள் மேல் குற்றம் இல்லை. காரியதரிசி வந்துபோன அன்றைக்குச் சாயங்காலம் அக்கா எங்கள் வாசலில் நின்று சொன்னாள்:

"மூணு எடத்துல வெளியே போன்னு சொல்லிட்டாங்க தம்பி. நாலாவது தடவை சொல்றதுக்கு ஆளே இருக்கக் கூடாது. எப்படியாச்சும் முடிச்சுக் குடு."

முடித்துக் கொடுக்கிறேன் என்று நானும் சொன்னேன். வரிசையில் எழுதப் படிக்கத் தெரிந்த மூன்று நான்கு பேரில் நான் ஒருவன், வாயும் உண்டு. ஆக எல்லார் காரியமும் என் தலையில் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்றும் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ரசீதுகளைத் தேடி எடுக்கச் சொல்லி வீடு வீடாக உட்கார்ந்தேன். அரிசிப் பானையில் இருந்தது ஒருத்தர் ரசீது, கூரையிடுக்கில் எலி கடித்தது ஒருத்தருடையது. அக்காவின் ரசீதுகள் மட்டும் ஒன்று விடாமல் நூலில் கோத்திருந்தன. பூ கட்டுகிற நார்தான் நூல். எழுத்துக்காரரைப் பிடித்துத் தெலுங்கில் மனு எழுதினோம். பெருவிரல் ரேகை வைக்கிறவர்களுக்கு மையை நானே தடவி வைத்தேன்.

ஆனி மாதம் சங்கத்திலிருந்து ஒருத்தர் வந்து எல்லா வீட்டையும் தணிக்கை செய்தார். பதினாறு வீட்டிலும் அவரவரே இருந்தோம். குறை ஒன்றும் எழுதவில்லை. ஆனி முடிகிற சமயம் காகிதம் வந்தது. ஆடி இரண்டாம் தேதி சங்க ஆபீசுக்கு வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும்.

ஆடி இரண்டாம் தேதி! எழுத்துக்காரர் காகிதத்தைப் படித்துச் சொன்னபோது குழாயடியில் எல்லார் முகமும் விழுந்துவிட்டது. ஆடியில் யார் வீடு வாங்குவார்கள்? குடக்கூலி வீடு மாற்றக்கூட ஆடியில் யாரும் சட்டியைத் தூக்க மாட்டார்களே. முடி இறக்குகிறவர் சொன்னார், "ஆவணில வெச்சுக்கச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் பேச வரும்."

போனேன். காரியதரிசி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏய்யா, கையெழுத்துக்கு என்னய்யா ஆடி?"

"ஜனங்களுக்கு மனசு ஒப்பலீங்க. ஒரு மாசம்தானே."

"ஒரு மாசம்தான். எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா தள்ளிப்போச்சுன்னா பழைய தணிக்கை செல்லாது. இன்னொரு தபா வந்து பாப்பாங்க. அது ஜில்லா இன்ஸ்பெக்டர். எப்ப வருவாருன்னு எனக்கே தெரியாது."

"வந்து பாக்கட்டுமே சார். எங்ககிட்ட ஒளிச்சு வெக்க என்ன இருக்குது?"

இந்த வார்த்தையை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

திரும்பி வந்து தேதி மாறிவிட்டது என்று சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா மட்டும் கூடையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"தம்பி, கையெழுத்துதானே, கல்யாணமா? ஆடியா இருந்தா என்ன? நான் போய்ப் போட்டுட்டு வந்துடறேனே. நான் ஒருத்தி மட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை பேருக்காகப் பேசி வாங்கி வந்திருக்கிறேன், இவள் மட்டும் தனியாகப் போகிறேன் என்கிறாளே என்று. "அக்கா, ஆடியில யாராச்சும் புது வூட்டுல பால் காய்ச்சுவாங்களா? அவசரப்பட்டு வாங்கின வூடு நிக்குமா? பொம்பளப் புள்ளை வெச்சிருக்கறே. முருகனுக்குத் தெரியும், ஒரு மாசம் பொறு" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீ சொன்னா சரி" என்றாள்.

ஆடி முதல் வாரத்தில் கனகம்மாசத்திரத்தில் என் பங்காளி ஒருவர் தவறிப்போனார். பதினாறு நாள் தீட்டு. ஆடிக் கிருத்திகை அந்தப் பதினாறு நாளுக்குள் வந்துவிட்டது. மலை ஏறக் கூடாது, காவடிக்காரர்களைத் தொடக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டில் தங்குகிற காவடிக் கூட்டத்துக்கு இந்தத் தடவை வர வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினேன். சொல்லி அனுப்பிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நான் என்ன பாவம் செய்தேன் முருகா, இந்த வருஷம் உன் அடியார் காலடி என் வீட்டில் படக் கூடாதா என்று வாய்விட்டே கேட்டேன்.

காவடிக்காரர்களை வீட்டில் தங்க வைப்பது எங்கள் ஊர் வழக்கம். ஆடிக் கிருத்திகைக்கு நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் பூக்காவடியோடு நடந்து வருவார்கள். சத்திரம், மண்டபம் எல்லாம் நிரம்பி, மரத்தடி எல்லாம் நிரம்பி, அதற்கும் மேலே ஜனம் இருக்கும். அடிவாரத்து வீட்டுக்காரர்கள் அன்றைக்குக் கதவைச் சாத்த மாட்டோம். முந்தின நாள் பரணி முதல் தெப்பம் முடிகிற வரைக்கும் வீடு அவர்களுடையது, தாழ்வாரம் எங்களுடையது. யாருக்கு யார் என்று வருஷா வருஷம் கூட்டம்கூட மாறாது. அக்கா வீட்டுக்கு அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்கள் வருவார்கள். மாமியார் தெருக்காரர்கள்தான்! அவளை வெளியே அனுப்பின தெருவிலிருந்து இருபது பேர் மஞ்சள் வேட்டியோடு வந்து அவள் வீட்டுச் சுவரில் காவடியைச் சாய்த்து வைப்பார்கள். அக்காவும் மகளும் வெளியே பாய் போட்டுக்கொள்வார்கள். வந்தவர்கள் அரிசி பருப்பு கொண்டுவந்து கொடுத்து எல்லோருக்குமாகச் சமைக்கச் சொல்வார்கள். அக்காவுக்கு என்று தனியாக ஒரு நூல் சேலை நெய்து எடுத்து வருவார்கள். கூட்டத் தலைவர் வயசானவர். "நாங்க செய்ய வேண்டியதை முருகன் எங்க தலையில கட்டி வாங்கறான்மா" என்பார். அக்கா அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் கிருத்திகை அன்று மலை ஏறுவாள்.

பரணி அன்று காலை பத்து மணி இருக்கும். ஜில்லா இன்ஸ்பெக்டர் ஒரு பியூனோடு வந்து இறங்கினார். வரிசை முழுக்க ஜனம். வாசலுக்கு வாசல் காவடி, சாமந்தி மாலை, உலர்த்தின மஞ்சள் துணி, மூன்று கல் வைத்து எரிகிற அடுப்பு. நான் தீட்டுக்காரன், என் வாசலிலேயே ஒதுங்கி நின்றேன். அவர் அங்கே இங்கே பார்த்துவிட்டு, சும்மா நிற்கிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று என்னிடம் வந்தார். வாட்டசாட்டமான மனுஷன், தெலுங்கு கலந்த தமிழ்.

"எவரு வீள்ளந்தா? யாரு இந்த ஜனம்?"

"முருகன் பக்தருங்க சார். வருசா வருசம் வர்றவங்க."

"எந்த வீட்ல?"

"எல்லா வூட்லயும் சார். எங்க லைன்ல கதவு சாத்தின வூடே கிடையாது இன்னிக்கு."

"எத்தினி நாள் இருப்பாங்க?"

"தெப்பம் முடியற வரைக்கும். நாலஞ்சு நாளு."

"சும்மாவா?"

"சும்மா எங்க சார், மகராசனுங்க வெறுங்கையோட வருவாங்களா? அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கொண்டாந்து குடுப்பாங்க. அதோ அந்த அக்காவுக்குச் சேலையே குடுப்பாங்க. கேட்டுப் பாருங்க."

அவர் எழுதினார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை தரும சிந்தை உள்ள ஜனங்களுக்குத்தான் வீடு போகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன். அவருடன் வரிசை நெடுக நடந்தேன், யாரையும் தொடாமல், ஓரமாக. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், எந்த ஊர் என்று நானே சொன்னேன். அவர் ஒரு வீட்டை விட்டுவிட்டு நகர்ந்தபோது, "சார், இங்க எட்டு பேர் இருக்காங்க, எழுதிக்கங்க" என்று கூப்பிட்டும் சொன்னேன். அக்கா வெயிலில் வந்தவருக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "பாகுந்தி, நல்லா இருக்குதும்மா" என்றார். சேலையைப் பற்றி அவளிடமும் கேட்டார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, மடிப்புக் கலையாத அந்தப் புதுச் சேலையை உள்ளே போய் எடுத்து வந்து காட்டினாள்.

எங்கள் வரிசையில் நான்காவது வீட்டில் அந்த வாரம்தான் பிரசவம் நடந்திருந்தது, பிள்ளைபெற்ற தீட்டு. அங்கே வெளியாள் இல்லை. ரயில்வே கேட்காரர் வீட்டில் எப்போதும் போல யாரும் இல்லை. கடைசியாகத் திரும்பி வந்து என் வீடு.

"இக்கட எவரு லேரா? இங்க யாரும் இல்லியா?"

எனக்குத் தலை குனிந்தது. "தீட்டு சார். இந்த வருசம் குடுத்து வெக்கல."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பியூன் பெட்டிமேல் காகிதத்தை விரித்து, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றான். மூன்று பக்கம், நெருக்கி நெருக்கித் தெலுங்கு. என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நான் சொன்னதைத்தானே எழுதினார்? கீழே தமிழில் என் பேரை எழுதினேன். கொஞ்சம் அழகாகவே எழுதினேன்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து, எல்லோரும் குளித்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து ஆபீசுக்குப் போனோம். அக்கா அந்த ஆடிச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். காரியதரிசி தாம்பாளத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை. மூன்று பேரைத்தான் கூப்பிட்டார். நான்காவது வீடு, கேட்காரர், நான். மற்ற பதின்மூன்று பேருக்கும் ஆளுக்கொரு காகிதம்.

"உள்வாடகைன்னு ரிப்போர்ட் வந்திருக்குது" என்றார். "வெளியாளைக் குடி வெச்சு, அதுக்குப் பதிலா சாமானும் துணியும் வாங்கறாங்கன்னு. உள்வாடகை விட்டவங்களுக்கு ஒப்பந்தம் கிடையாதுன்னு விதி. நான் என்ன பண்றது? அந்த ஆடி ரெண்டாந் தேதியே நீங்க வந்து..."

முடிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். காவடிக்காரங்கய்யா, சாமி ஜனங்கய்யா, அரிசியில எங்களுக்கும் அவங்களுக்கும் சேர்த்துத்தானே ஆக்கினோம் என்று. அக்கா பேசவில்லை. காகிதத்தை மகளிடம் கொடுத்தாள். பெண் ஐந்தாவது வரை தமிழ் படித்தது. காகிதத்தோடு, இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து எழுதிய மஹஜரின் நகலும் இருந்தது. பெண் முதல் பக்கம் பார்த்தது, இரண்டாம் பக்கம் பார்த்தது, ஒன்றும் புரியவில்லை. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தது.

"அம்மா, இது மட்டும்தான் படிக்க வருது. மாமா பேரு."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீயா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் கேட்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு மையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். "நான் அப்பவே நெனைச்சேன் பாவா. ஊரைக் கூட்டி வூட்ல வெச்சா இப்படித்தான். எங்க வூட்டுக்கு ஒருத்தன் வந்திருப்பானா?" என்றார்.

தீட்டு வீடு இரண்டு, ஒருத்தருக்கும் தண்ணீர் கொடுக்காத வீடு ஒன்று. இந்த மூன்றுக்கும்தான் சங்கம் ஒப்பந்தம் எழுதியது.

நான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் யாருக்கு லாபம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

நான்கு பேரோடு பஸ் ஏறி ஜில்லா ஆபீசுக்கு முறையிடப் போனேன். இன்ஸ்பெக்டருக்கும் மேலே இருந்த அதிகாரி நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எங்கள் தணிகைமலை முருகன் படம். பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. "நீங்க தணிகைக்கு வர்றவங்களா சார்?" என்றேன்.

"ஆமா, வருசா வருசம் ஆடிக்கு. காவடி எடுக்கிறேன்."

"அப்ப உங்களுக்கே தெரியுமே சார், எங்க ஊர் வழக்கம். வர்ற ஜனங்க எங்க படுப்பாங்க?"

"நான் வந்தா சத்திரத்துல ரூம் எடுத்துத் தங்கறேன்" என்றார் அவர். "வீடு வீடா இருக்கணும், சத்திரம் சத்திரமா இருக்கணும். சர்க்கார் கடன்ல கட்டினது. நாளைக்கு என்னைக் கேப்பாங்க." மஹஜரைப் புரட்டினார். "சாட்சி யாரு?"

"நான்தான் சார்."

"நீயே ஒவ்வொரு வீடா சொல்லியிருக்கறே. நீயே கையெழுத்துப் போட்டிருக்கறே. இப்ப வந்து இல்லைங்கறே. பொய் சாட்சின்னு எழுதட்டுமா?"

கூட வந்த தேங்காய்க் கடைக்காரர் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் நான்கு பேரும் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருத்தர் மட்டும் இறங்கும்போது, "நீ வேணும்னு செய்யலேன்னு தெரியும். ஆனா வேணும்னு செஞ்சவன்கூட இவ்ளோ ஒழுங்கா செஞ்சிருக்க மாட்டான்" என்றார்.

பதின்மூன்று பேரும் காலி செய்ய வேண்டி வரலாம், வேறு மனு போட்டவர்கள் காத்திருக்கிறார்கள் என்று புரட்டாசியில் பேச்சு அடிபட்டது. நோட்டீஸ் வரவில்லை, பேச்சுதான். அந்த வாரமே அக்கா சாமான் கட்டினாள். என் மனைவி ஓடினாள். "அண்ணி, இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லலியே. ஏன் போறீங்க?"

"அதுக்குத்தான். சொல்றதுக்கு முன்னாடி போயிடறேன்."

நான் வாசலில் நின்றேன். "அக்கா, எங்க வூட்டுக்கு வந்துடு. நீயும் புள்ளையும் தாழ்வாரத்தை அடைச்சுக்கலாம். இது நம்ம வூடு" என்றேன்.

அவள் அரிவாள்மனையைச் சாக்கில் சுற்றிக்கொண்டே சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "உன் வூட்ல நான் குந்திகினு, தினம் ஒரு முழம் பூ குடுத்தா அதுக்கு இன்னா பேரு தம்பி? யாராச்சும் வந்து எழுதிகினு போயிடப் போறாங்க. நீ வேற கையெழுத்துப் போட்டுடுவே."

அரக்கோணத்துக்குப் போய்விட்டாள். ஸ்டேஷன் வாசலில் பூக்கூடை வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பின்னால் மற்ற பன்னிரண்டு பேரை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. வாடகைக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அக்கா இருந்திருந்தால் அவளும் இருந்திருப்பாள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வரிசையில் வாடகைக்காரர்கள் எல்லோரும் கதவைச் சாத்திவிட்டார்கள். பழைய கூட்டங்கள் வந்து தட்டின. உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அம்மையார்குப்பத்துக்காரர்கள் பதினோராவது வீட்டில் காவடியைச் சாய்க்கப் போனார்கள். புதுசாகக் குடிவந்த பெண் ஜன்னலிலேயே, "இங்க யாரையும் சேக்கறதில்ல, போங்க போங்க" என்றாள். நான் என் கதவை விரியத் திறந்து, "இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். வந்தார்கள். தங்கினார்கள். என் மனைவி ஆக்கிப் போட்டாள். அக்கா எங்கே என்று கேட்ட பெரியவருக்கு நான் பாதி சொன்னேன், பாதியை என் மனைவி சொன்னாள். அவர் அக்காவுக்கு என்று கொண்டுவந்த சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எங்க தெருவுல ஒரு தடவை. இப்ப எங்களாலயே இன்னொரு தடவை" என்றார். போகும்போது சேலையை என்னிடம் கொடுத்தார்.

தெப்பம் முடிந்த மறுநாள் அரக்கோணம் போனேன். ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். சேலையை நீட்டினேன். யார் கொடுத்தது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கஞ்சி வாசனையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூடைக்கு அடியில் வைத்தாள்.

"எல்லாரும் வந்தாங்களா?"

"வந்தாங்கக்கா."

"எங்க தங்கினாங்க?"

"நம்ம... எங்க வூட்லதான்."

"யாராச்சும் வந்து எழுதினாங்களா?"

"இல்லக்கா. சொந்த வூடு, யாரு கேக்கப் போறாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

அக்கா "ஆங்" என்றாள். கையால் தண்ணீரை அள்ளிப் பூவின் மேல் தெளித்தாள். ஒரு முழம் அளந்து, இலையில் மடித்து, என்னைப் பார்க்காமல் நீட்டினாள். உள்ளே திருத்தணி வண்டிக்கு மணி அடித்தது.

"போ தம்பி" என்றாள். "வண்டி போயிடும், போ."